ரெண்டாயிரம் ஏன் வரவில்லை? பி.எம். கிசான் தவணை நின்றுபோனால் எங்கே பார்ப்பது

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் பணம் வராதவர் முதலில் போய் நிற்கும் இடம் வங்கி. "எங்களுக்கு எதுவும் வரல, அக்ரி ஆபீஸ்ல கேளுங்க" என்பார்கள். வேளாண் அலுவலகத்துக்குப் போனால் "நிலம் ஏறல, வி.ஏ.ஓ.வைப் பாருங்க". வி.ஏ.ஓ. சிட்டாவைப் பார்த்துவிட்டு, "பட்டா சரியாத்தான் இருக்கு, பேங்க்ல ஆதாரைப் பாருங்க" என்பார். இந்தச் சுற்று முடிவதற்குள் அடுத்த தவணையே வந்துவிடும். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மேஜைக்கு வரும் பகுதி மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். அதனால் பணம் எந்த மேஜையில் நிற்கிறது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடிக்க முடியும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

திட்டத்தின் அடிப்படையை மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை: ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச். 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே ஆண்டு ஜூனில் அந்த வரம்பு போய்விட்டது. "அஞ்சு ஏக்கருக்கு மேல இருந்தா கிடையாது" என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கணக்கு ஏக்கருக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இந்த ஒரு வரி பின்னால் பல இடங்களில் வேலைக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் முன்: ஸ்டேட்டஸ் பக்கம்

பி.எம். கிசான் இணையதளத்தில் 'ஃபார்மர்ஸ் கார்னர்' என்ற பகுதி உண்டு. அதில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்பதைத் தட்டி, பதிவு எண்ணையும் செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் உங்கள் கணக்கு திறக்கும். பதிவு எண் நினைவில் இல்லையென்றால் அதே பக்கத்தில் ஆதார் எண்ணையோ செல்பேசி எண்ணையோ வைத்து எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்தபோது கொடுத்த சிம் இப்போது இல்லையா? ஆதாரோடு இணைந்த எண் கையில் இருந்தால் அதை வைத்துப் புது எண்ணைப் பதிய அங்கேயே வழி இருக்கிறது. ஆதார் எண்ணும் பழைய சிம்மோடுதான் என்றால் முதல் வேலை அஞ்சலகத்திலோ ஆதார் மையத்திலோ செல்பேசி எண்ணை மாற்றுவது. அதைச் செய்யாமல் மற்ற எதையும் தொட்டால் ஒவ்வொரு படியிலும் இதே சுவர் வரும்.

திறக்கும் பக்கத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: நிலப் பதிவு, அதாவது 'லேண்ட் சீடிங்'; இ-கே.ஒய்.சி., அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது; ஆதார் வங்கி இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' அல்லது 'நோ' இருக்கும். நிலம் 'நோ' என்றால் வேளாண்மை, வருவாய்த் துறைப் பக்கம் வேலை. வங்கி 'நோ' என்றால் வங்கி. கே.ஒய்.சி. 'நோ' என்றால் உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "பணம் வரல சார்" என்பதைவிட, "லேண்ட் சீடிங் நோ காட்டுது சார், பாருங்க" என்பதற்கு உடனே பதில் கிடைக்கும்.

இன்னொன்று: இவற்றில் ஏதோ குறை இருந்ததால் நிறுத்தி வைத்த தவணைகள் போனது போனதுதான் என்று பயப்பட வேண்டாம். குறையைச் சரிசெய்து, தகுதியும் இருந்தால் நிலுவையும் சேர்ந்தே வரும். புதிதாகப் பதிபவர்களுக்கு மட்டும் பழைய தவணை கிடையாது.

இ-கே.ஒய்.சி. 'நோ' காட்டுகிறது

மூன்றில் இதுதான் எளிது. ஆதாரோடு இணைந்த செல்பேசி இருந்தால் தளத்திலேயே ஓ.டி.பி. போட்டு முடித்துவிடலாம். இல்லையென்றால் இ-சேவை மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கைரேகை வைக்க வேண்டும்.

கைரேகையில்தான் வயதானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும், கருவி எடுக்காது. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து "நாளைக்கு வாங்க தாத்தா" என்று அனுப்புவார்கள். நாளைக்கும் எடுக்காது. இவர்களுக்காகவே 2023 ஜூனில் பி.எம். கிசான் செயலியில் முகம் பார்த்துச் சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. ஓ.டி.பி.யும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். ஆதாரின் முகச் சரிபார்ப்புச் செயலியும் கூடவே போனில் இருக்க வேண்டும். ஒருவர் தன் போனிலிருந்து அக்கம்பக்கத்து விவசாயிகள் 100 பேர் வரைக்கும் செய்து கொடுக்கலாம். ஆக, ஊரில் நல்ல போன் வைத்திருக்கும் ஒரு தம்பி போதும். வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் வேலை முடிந்தது.

செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். 'பி.எம். கிசான்' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கோப்பு சுற்றுகிறது. அதை நிறுவினால் போனுக்கு வரும் ஓ.டி.பி.யெல்லாம் வேறு எங்கோ போகும், வங்கிக் கணக்கு காலியாகும். 2,000 ரூபாய்க்குப் போய் மொத்தத்தையும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆதார் வங்கி இணைப்பு 'நோ', ஆனால் வங்கியில் "ஆதார் லிங்க் ஆயிருக்கே" என்கிறார்கள்

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தோம், வங்கியின் கணினியில் நம் எண் ஏறியது. வங்கி சொல்வது அதை. அரசு பணம் அனுப்பும்போது பார்ப்பது வேறொரு பட்டியலை. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., 'இந்த ஆதாருக்கு இந்த வங்கி' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நம் எண் ஏறவில்லையென்றால் பணம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

எனவே வங்கியில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். "மானியம் வாங்க என்.பி.சி.ஐ.யில் ஆதார் மேப்பிங் பண்ணணும்" என்று கேளுங்கள். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. நிரப்பி, கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து ஆதாரின் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பாருங்கள். எந்த வங்கி, செயலில் இருக்கிறதா, கடைசியாக எப்போது மாறியது என்று காட்டும். செயலில் என்று காட்டினால் முடிந்தது. பி.எம். கிசான் பக்கத்தில் 'எஸ்' ஆக இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்.

வங்கிக் கிளை தூரம், போனால் ஒரு நாள் கூலி போகும் என்கிறவர்களுக்கு அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி நல்ல மாற்று. தபால்காரரே வீட்டுக்கு வந்து கணக்கு தொடங்கி, ஆதார் இணைப்பும் செய்துவிடுவார். பணத்தையும் அவரிடமே கைரேகை வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதைச் செய்தால் எரிவாயு மானியம், நூறு நாள் வேலைச் சம்பளம் போன்றவையும் இனி இந்தக் கணக்குக்கே வரும். தெரிந்தே செய்யுங்கள்.

மூன்றும் 'எஸ்', பணம் போய்விட்டதாகவும் காட்டுகிறது, பாஸ்புக்கில் மட்டும் இல்லை

முக்கால்வாசி நேரம் பணம் உங்களிடம்தான் இருக்கிறது, வேறு வங்கியில். மேலே சொன்ன பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கியில் மேப்பிங் ஆனதோ அதுதான் நிற்கும். எப்போதோ நூறு நாள் வேலைக்காகத் தொடங்கியது, நகைக்கடனுக்காகத் தொடங்கியது, சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் தானாகத் தொடங்கியது என்று யாரும் நினைவில் வைத்திராத கணக்குகள் உண்டு. ஆதார் தளத்தில் வங்கியின் பெயரைப் பார்த்தால் "அட, இதுவா!" என்று புரிந்துவிடும்.

பி.எம். கிசான் படிவத்தில் நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணைத் திருத்துவதால் இது சரியாகாது. பணம் போவது ஆதாரை வைத்து. அங்கே எழுதியிருக்கும் கணக்கு எண்ணை மாற்ற அலையோ அலையென்று அலைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மாற்ற வேண்டியது மேப்பிங்கை, அதுவும் எந்த வங்கிக்குப் பணம் வர வேண்டுமோ அந்த வங்கியில்.

வந்த வங்கியே சரி, ஆனால் 2,000 வந்து 1,400 தான் இருக்கிறது என்றால் கணக்கு விவரத்தை அச்செடுத்து வாங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம், எஸ்.எம்.எஸ். கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் என்று ஏதாவது ஒன்று கழிந்திருக்கும். கேட்காமல் சேர்த்த காப்பீடு என்றால் எழுத்தில் கொடுத்து நிறுத்தச் சொல்லலாம். கணக்கையே குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும் கேட்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். புகைப்படம், ஆதார் கொண்டுபோய் மறுபடி கே.ஒய்.சி. கொடுத்தால் திறந்துவிடுவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

பெயர் பொருந்தவில்லை என்கிறது

தமிழ்நாட்டுக்கே உரிய வியாதி இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஆதாரில் 'முருகேசன் எஸ்', பாஸ்புக்கில் 'எஸ். முருகேசன்', பட்டாவில் 'சுப்பையா மகன் முருகேசன்', எங்கோ ஒரு வடக்கத்திப் படிவத்தில் 'முருகேசன் சுப்பையா'. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர்.

வழி ஒன்றுதான்: ஆதாரை மூலமாக வைத்து மற்றதை அதற்கு ஏற்றாற்போல் திருத்துவது. பி.எம். கிசான் தளத்திலேயே 'ஆதாரில் உள்ளபடி பெயர் திருத்தம்' செய்யும் வசதி இருக்கிறது, நிமிடத்தில் முடியும். ஆதாரிலேயே பெயர் தப்பு என்றால் மட்டும் ஆதாரைத் தொடுங்கள். பட்டாவில் இனிஷியல் விடுபட்டது, ஓர் எழுத்துப் பிழை போன்றவற்றுக்குப் பட்டாவைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். வேளாண் அலுவலகத்தில் இருவரும் ஒருவரே என்று உறுதி செய்து ஏற்றிக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். வி.ஏ.ஓ. ஒரு சான்று எழுதிக் கொடுத்தாலே பல இடங்களில் போதுமானதாக இருக்கும்.

நிலப் பதிவு 'நோ'

கடினமானது இதுதான். மற்றதெல்லாம் வாரக் கணக்கு. இது மாதக் கணக்கு, சில குடும்பங்களில் தலைமுறைக் கணக்கு.

எளிய வகையை முதலில் பார்ப்போம். பட்டா உங்கள் பெயரில் தனியாக இருக்கிறது, ஆனாலும் 'நோ'. அப்படியானால் உங்கள் சர்வே எண் பி.எம். கிசான் பதிவோடு சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். சிட்டா நகல், ஆதார் நகல், ஸ்டேட்டஸ் பக்கத்தின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். உங்கள் ஊருக்கென்று ஓர் உதவி வேளாண் அலுவலர் இருப்பார், அவரைப் பிடித்தால் போதும். சிட்டாவை அரசின் இ-சேவைத் தளத்திலேயே இலவசமாகப் பார்த்து அச்செடுக்கலாம். அதற்காகத் தாலுகா அலுவலகம் போக வேண்டியதில்லை.

கூடவே விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்தார்கள். நிலத்தையும் ஆதாரையும் கோக்கும் எண் அது, பி.எம். கிசானுக்கும் மற்ற வேளாண் திட்டங்களுக்கும் இனி அதைத்தான் கேட்கிறார்கள். பதியும்போது எல்லாச் சர்வே எண்களையும் சேருங்கள். பக்கத்து ஊரில் மாமனார் வழியில் வந்த அரை ஏக்கரை விட்டுவிட்டு, நாளைக்குப் பயிர் நிவாரணம் கேட்கும்போது விழிப்பவர்கள் அதிகம்.

அடுத்தது கூட்டுப்பட்டா. அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரும் ஒரே பட்டாவில் இருந்தால் நான்கு குடும்பத்துக்கும் தனித்தனியே தகுதி உண்டு. "ஒரு பட்டாவுக்கு ஒருத்தருக்குத்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஆனால் கூட்டுப்பட்டாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்காது என்பதால் பதிவில் சிக்கல் வரும். பங்குக்கு ஆதாரமாகப் பத்திரம் இருந்தால் காட்டுங்கள். நிலையான தீர்வு உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவது. அதற்கு விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம், ஆனால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் பங்காளிகள் அத்தனை பேரும் வரப்பில் நிற்க வேண்டும், யாரும் சண்டை போடக் கூடாது. பின்னது சர்வேயர் வருவதைவிட அரிது.

மூன்றாவது வகைதான் ஊரில் பாதி. பட்டா இன்னும் அப்பா பெயரில், தாத்தா பெயரில். வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து, வேலி போட்டு, இருபது வருடமாகப் பயிர் செய்கிறார்கள். காகிதத்தில் நிலம் இறந்தவருக்குச் சொந்தம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றினால்தான் வழி பிறக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய எல்லோரும் ஒத்துவரவில்லையென்றால் முதல் படியாக எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப்பட்டாவாவது ஆக்கிவிடுங்கள். அதற்குச் சண்டை குறைவு. பழைய நில உடைமை மேம்பாட்டுப் பணியின்போது, அதாவது யு.டி.ஆர். காலத்தில், பக்கத்துக்காரர் பெயர் தவறாக ஏறிய நிலங்கள் தனிக் கதை. மூலப்பத்திரத்தோடு தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வருடா வருடம் பசலி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டு, முடியும் நேரத்தில் நடக்கும் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கொடுத்தால் மனுவுக்கு ஓர் எண்ணாவது கிடைக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, "பணம் என் பேருக்கு வரட்டும்" என்று தான செட்டில்மெண்ட் எழுதி வாங்காதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்கு இத்திட்டம் வைத்த நாள் 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டுமே விலக்கு. விலைக்கு வாங்கியதும் தானமாக வந்ததும் அதில் சேராது. எழுதிக் கொடுத்ததால் அப்பாவுக்கும் நிற்கும், மகனுக்கும் வராது. வேறு காரணத்துக்காக எழுதுவது உங்கள் குடும்ப விஷயம். இந்த 6,000 ரூபாய்க்காக எழுத வேண்டாம்.

வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

மூன்று வரியும் 'எஸ்' ஆகவே இருந்து, தகுதி என்ற இடத்தில் ஏதோ குறிப்பு வந்திருக்கிறதா பாருங்கள். 2025இல் மத்திய வேளாண் அமைச்சகம் சந்தேகத்துக்குரிய பதிவுகளைப் பிரித்து, நேரில் சரிபார்க்கும் வரை நிறுத்தி வைத்தது. இரண்டு வகை: 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள், ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி இருவரும் பெறுபவர்கள். நீங்கள் இரண்டாவது வகை என்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், வாதாட இடமில்லை. முதல் வகையில் நிலம் வாரிசாக வந்தது என்றால் இறப்புச் சான்றோடும் வாரிசுச் சான்றோடும் வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்த காரணம் வருமான வரி. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவருக்குக் கிடையாது. டிராக்டர் கடனுக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ ஆடிட்டர் சொல்லி ரிட்டர்ன் போட்டிருப்பீர்கள், வரி பூஜ்யம்தான். அது வரி கட்டியதாகாது. அப்படியும் நிறுத்தியிருந்தால் வருமான வரித் துறை அனுப்பிய ஒப்புகையில் வரி பூஜ்யம் என்று இருப்பதைக் காட்டி மனு கொடுங்கள்.

"பையன் சென்னையில ஐ.டி. கம்பெனியில இருக்கான், வரி கட்டுறான், எனக்கு வருமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வரும். வயதுக்கு வந்த மகன் உங்கள் குடும்பக் கணக்கில் இல்லை. ஆனால் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் வராது. மத்திய, மாநில அரசு, பொதுத்துறை, உள்ளாட்சிகளின் நிரந்தர ஊழியர்களும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்களும் விலக்கப்பட்டவர்கள். கடைநிலைப் பணியாளர்களுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கும் இல்லை.

புதிதாக விண்ணப்பித்து மாதக் கணக்கில் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றே இருக்கிறது

நம் மாநிலத்தில் இது மெதுவாக நகர்வதற்கு ஒரு பழங்கதை இருக்கிறது. 2020இல் கொரோனா நேரத்தில் பதிவைத் தளர்த்தியபோது, அலுவலகக் கடவுச்சொற்கள் தரகர்கள் கைக்குப் போய், நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் பட்டியலில் ஏறினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் அதிகம். சுமார் 110 கோடி ரூபாய் தகுதியில்லாதவர்களுக்குப் போனது என்று அரசே சொன்னது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பலரிடமிருந்து பணம் திரும்ப வாங்கப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பெயரையும் நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் ஒப்புதல் அழுத்துவதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். சிட்டா நகலோடு உதவி வேளாண் அலுவலரிடம் போய் உங்கள் பதிவு எண்ணைச் சொல்லி, சரிபார்ப்புக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

"நான் முடிச்சுத் தர்றேன், ஐநூறு குடுங்க" என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். பதிவுக்கு அரசு பணம் கேட்பதில்லை. மையத்தின் சேவைக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத எதுவும் அவர் பாக்கெட்டுக்கு.

விவசாயி இறந்துவிட்டார்

அவர் கணக்குக்கு வரும் பணத்தை ஏ.டி.எம். அட்டை வைத்து எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். பின்னால் திரும்பக் கேட்பார்கள், அதுவும் வாரிசிடம். வேளாண் அலுவலகத்தில் இறப்புச் சான்று கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். பட்டா மனைவி பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ மாறியதும் புதிதாகப் பதியுங்கள். பதிவில் நிலம் எப்போது, எப்படி வந்தது என்ற கேள்விக்கு, இறப்பால் வாரிசுரிமையாக வந்தது என்று குறிப்பது முக்கியம். அங்கே தவறாகத் தட்டினால் மேலே சொன்ன 2019 பிப்ரவரிச் சிக்கலில் விழுவீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ்

தகுதியில்லாமல் வாங்கியது உண்மை என்றால் இணையதளத்தின் 'ஆன்லைன் ரீஃபண்ட்' வழியாகக் கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள். நேரில் வந்து ரொக்கமாகக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். தகுதி இருந்தும் நோட்டீஸ் வந்திருந்தால் எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் கேட்டுவிட்டு அதற்கான சான்றோடு பதில் கொடுங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

உழுவது நான், ஆனால் பட்டியலில் என் பெயரே வராது

குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் இந்தக் கேள்வியோடு வரும்போது சொல்வதற்கு வழிமுறை எதுவும் இல்லை. திட்டம் நில உரிமையாளருக்கானது. தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவர்கள் அத்தனை பேரும் வெளியேதான். 1969ஆம் ஆண்டு சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் இதற்கு உதவாது. சேற்றில் இறங்காமல் ஊரில் பெயர் மட்டும் வைத்திருப்பவருக்கு 6,000 வருவதும், இறங்குபவருக்கு வராததும் இத்திட்டத்தின் ஆகப்பெரிய ஓட்டை என்பது என் கருத்து. எந்த ஸ்டேட்டஸ் பக்கமும் அதைக் காட்டாது.

ஆனால் குத்தகைதாரர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம். வெள்ளத்திலோ வறட்சியிலோ 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் கொடுக்கும் நிவாரணத்துக்கும் யார் பயிர் செய்தார் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஆதாரம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவேடு. விதைத்ததும் வி.ஏ.ஓ.விடம் போய் அடங்கலில் உங்கள் பெயரில் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் பட்டாதாரர் பெயரே எழுதப்பட்டிருக்கும்.

எல்லாம் சரி, யாருக்குமே வரவில்லை

அப்படியென்றால் தவணையே இன்னும் விடவில்லை. ஏப்ரலில் தொடங்கும் தவணை என்றால் ஏப்ரலிலேயே வரும் என்று அர்த்தமில்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கான 20ஆவது தவணை ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது. 21ஆவது தவணையைப் பிரதமர் நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரிலிருந்தே விடுவித்தார். வெள்ளம் பாதித்த பஞ்சாப், இமாச்சலம், உத்தராகண்ட் விவசாயிகளுக்கு அதே தவணை செப்டம்பரிலேயே போய்விட்டது. "அங்க வந்துடுச்சாம், நமக்கு வரல" என்று வாட்ஸ்அப்பில் ஓடியதற்குக் காரணம் அதுதான். விடுவித்த நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏறாது, ஸ்டேட்டஸில் 'எஃப்.டி.ஓ. ஜெனரேட்டட்', அதாவது பணம் அனுப்பும் உத்தரவு போட்டாயிற்று, என்று இருந்தால் பணம் கிளம்பிவிட்டது, ஒரு வாரம் பொறுங்கள்.

எல்லாக் கதவையும் தட்டியாயிற்று

155261 என்ற உதவி எண்ணில் பேசலாம். லைன் கிடைத்தால் பதிவு எண்ணைச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கிசான் இ-மித்ரா என்ற உரையாடல் வசதியில் தமிழிலேயே கேட்கலாம். ஸ்டேட்டஸ் சொல்லுவதற்கு மேல் அதனால் அதிகம் ஆகாது. பலன் தருவது மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். வேளாண்மை, வருவாய், முன்னோடி வங்கி அதிகாரிகள் மூவரும் அன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வங்கி வேளாண்மையைக் கைகாட்டினால் அவர் நாலு நாற்காலி தள்ளித்தான் இருப்பார். மனுவில் பதிவு எண், நின்றுபோன தவணை, ஸ்டேட்டஸ் பக்கத்தில் எந்த வரி 'நோ' காட்டுகிறது, எந்தத் தேதியில் யாரிடம் என்ன கொடுத்தீர்கள் என்று நான்கு வரி போதும். சீல் போட்ட நகல்களை இணையுங்கள். மனு எண் இல்லாமல் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள்.